அங்கீகாரம் பெறாத மூக்கு

ஹால்டர்வேன் நகராட்சி எல்லைக்குள் மூச்சை வெளியே விடுவதற்கு எந்தக் காலத்திலும் அனுமதி தேவைப்பட்டதில்லை. உள்ளே இழுப்பதற்குத்தான் தேவைப்பட்டது. அதுவும் நாய்களுக்கு மட்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்கள் ஊரில் நகராட்சி சரியாக வேலை செய்யவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

விஷயம் ஹிஸ்கா டெர்ப்ஸ்ட்ராவிடமிருந்து தொடங்குகிறது. எங்கள் சந்தைச் சதுக்கத்துக் கோபுரத்தில் மணி வாசிப்பவள் அவள். மேலே ஏறி உட்கார்ந்து, வரிசையாக இருக்கும் மரக்கட்டைகளை முஷ்டியால் அடித்தால், உச்சியில் தொங்கும் மணிகளிலிருந்து பாட்டு வரும். கீழே பூக்கடை வைத்திருக்கும் நான், சீட்சே, அந்தப் பாட்டுக்கு ஏற்றபடி டூலிப் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருப்பேன். அப்படித்தான் எங்கள் பழக்கம்.

ஹிஸ்காவுக்கு நிலக்கடலை ஆகாது. வயிறு உப்பும், ஏப்பம் வரும் என்கிற மாதிரி ஆகாதது அல்ல. ஒரு துணுக்கு உள்ளே போனால் உதடு தடித்து, தொண்டை அடைத்து, ஆம்புலன்ஸ் திருப்பத்தில் வரும்போதே ஆள் போய்விடும் என்கிற ஆகாதது. இங்கே குழந்தைகள் பல் முளைத்த நாளிலிருந்து ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுத்தான் வளர்கின்றன. எங்கள் நாட்டில் பிறந்தவருக்கு வரவே கூடாத நோய் அது. வந்துவிட்டது, என்ன செய்வது?

அவள் ஒரு நாய் வளர்த்தாள். பெயர் யெப்பே. பழுப்பு நிறம், சுருட்டை முடி, ஒரு காது எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். குணத்தில் பெரிய உத்தமன் என்று சொல்ல முடியாது. வாத்துகளைத் துரத்தும். கொடியில் காயும் காலுறைகளை இழுத்துக்கொண்டு ஓடும். நாலு பேர் முன்னால் உட்காரச் சொன்னால் வானத்தைப் பார்க்கும். ஆனால் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகக் கற்றிருந்தது. எங்கேயாவது கடலை வாசனை அடித்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, முன்னங்காலை ஹிஸ்காவின் செருப்பின் மேல் வைக்கும். அவள் உடனே பையிலிருந்து ஓர் ஈரல் பிஸ்கட்டை எடுத்துக் கொடுப்பாள். இப்படியே இருவரும் பல வருஷங்கள் உயிரோடு இருந்தார்கள்.

புத்தாண்டு வரவேற்பு நிகழ்ச்சி ஒன்றில்தான் கெடுதல் ஆரம்பித்தது. நகராட்சித் துணைத்தலைவர் டீடெரிக் வெஸல்ஸ், நலவாழ்வு, நடைபாதைகள், வாத்துக்குளங்கள் ஆகிய மூன்று துறைகளையும் கவனித்துக்கொள்பவர், தன் கையாலேயே எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்துக்கொண்டு வந்தார். ஹிஸ்காவிடம் தட்டை நீட்டினார். யெப்பே உட்கார்ந்தது. காலைத் தூக்கிச் செருப்பின் மேல் வைத்தது. ஹிஸ்கா வேண்டாமென்று சொல்லிவிட்டாள். வெஸல்ஸ் சமையலறைக்கு ஆளனுப்பிப் பிஸ்கட் பெட்டியை வரவழைத்துப் பார்த்தார். பொடி எழுத்தில் கடலை என்று போட்டிருந்தது.

மறுநாள் வட்டாரப் பத்திரிகையில் படம் வந்தது. வெஸல்ஸ் முழு உருவமாகவும் யெப்பே ஒரு காதாகவும் அதில் இருந்தார்கள். படத்தை வெட்டித் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்ட வெஸல்ஸ், அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அடுத்த மன்றக் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சு இன்னும் எங்கள் நினைவில் இருக்கிறது. ஒரு குடிமகளை மட்டும் ஒரு நாய் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஏனைய குடிமக்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றார் அவர். ஆபத்து எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் குறை சொல்ல ஆளிருக்காது. பாதுகாப்பும் அப்படியே பொதுவாக வேண்டும் என்றார். பொதுமோப்பப் பாதுகாப்புத் திட்டம் ஏகமனதாக நிறைவேறியது.

திட்டத்தை நடத்தும் பொறுப்பு மக்தெல்ட் கூப்மன்ஸ் என்ற அதிகாரியிடம் வந்தது. அதுவரை அவர் சைக்கிள் நிறுத்துமிடப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் கம்பியில் கட்டிப்போடப்படும் பொருள் என்ற அளவில் நாய்களோடு அவருக்குப் பழக்கமுண்டு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேச்சுக்குப் பேச்சு, தான் நாய்களை நேசிக்கிறவள் என்று சொல்வார். சைக்கிள்களையும் அப்படித்தான் நேசித்தார். பூட்டுப் போட்டு எடுத்துக்கொண்டு போவார்.

புது விதிப்படி, பொது இடத்தில் எந்த உணவைப் பரிமாறினாலும் அங்கீகாரம் பெற்ற நாய் ஒன்று முதலில் முகர வேண்டும். அது உட்கார்ந்தால் ஆபத்து, நின்றால் சாப்பிடலாம். நாய் வந்துவிட்டபடியால், எந்தப் பண்டத்தில் என்ன சேர்த்திருக்கிறது என்று கடைகளில் எழுதி வைத்திருந்த பலகைகளை அகற்றச் சொன்னார்கள். பலகை ஒன்று சொல்லி நாய் வேறொன்று சொன்னால் பொதுமக்கள் குழம்புவார்கள் என்பது காரணம். அதே காரணத்துக்காகச் சமையல்காரர்கள் வாய்மொழியாக எந்த உத்தரவாதமும் தரக்கூடாது என்றும் சேர்த்தார்கள். இதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், "அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். உணவகம் நடத்தும் ரெம்கோவுக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. அவனுடைய சமையலில் ரகசியப் பொருள்கள் அதிகம்.

இதற்குள் ஊரில் நாய்க் காய்ச்சல் பரவிவிட்டது. பச்சைச் சட்டை போட்ட மோப்ப நாய் இல்லாமல் காப்பிக் கடைக்குப் போவது, காலுறை இல்லாமல் போவது மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் இருவர் சந்தித்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது, "உங்களுக்கு என்ன அலர்ஜி?" என்று ஆரம்பித்தார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னவர்களை, படிப்பை நடுவில் நிறுத்தியவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். வக்கீல் வீட்டம்மாளின் நாய் மனச்சோர்வைக் கண்டுபிடித்தது; அவர் கணவர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் உட்கார்ந்தது. பல் மருத்துவரின் நாய் பழைய பாலாடைக் கட்டியைக் கண்டுபிடித்தது. பாலாடைக் கட்டி பழசாக ஆக விலை ஏறும் ஊரில் அதனால் என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை. மகரந்தம் கண்டுபிடிக்கும் நாய்கள் மூன்று என் பூக்கடை வாசலிலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருந்தன. பூக்கடையில் மகரந்தம் இருப்பது உறுதியாகிவிட்டபடியால் வியாபாரம் படுத்தது. நானும் ஒரு நாய் வாங்கிப் பச்சைச் சட்டை போட்டுவிட்டால் கடைக்கு மதிப்பு வரும் என்று என் மனைவி சொன்னாள். அப்படித்தான் பாஸ்டியான் எங்கள் வீட்டுக்கு வந்தது. தரையைக் கூட்டும் காதுகள், குட்டைக் கால், சோம்பேறி. வாசனை பார்ப்பதற்குக்கூட அது எழுந்திருக்காது. வாசனை வரட்டும் என்று காத்திருக்கும்.

நாய்களுக்கான அங்கீகாரத் தேர்வு நகராட்சிக் கட்டடத்தில் நடந்தது. சட்டத்தில் சொல்லியுள்ள ஒவ்வாமைப் பொருள்களை மூடி போட்ட குடுவைகளில் வரிசையாக வைத்திருந்தார்கள். கடுகு இருந்தது, செலரி இருந்தது, முட்டை, பால், மீன் எல்லாம் இருந்தன. கடலை மட்டும் இல்லை. கடலை மிகவும் அபாயகரமான பொருள் என்பதால் திட்டத்தின் முதல் நடவடிக்கையாக நகராட்சிக் கட்டடத்துக்குள் கடலைக்குத் தடை விதித்திருந்தார்கள். தடை செய்த பொருளைத் தேர்வுக்குக் கொண்டுவர முடியாது. எனவே அபாயம் குறைந்த பொருள்களை வைத்து, அபாயம் அதிகமுள்ள பொருளைக் கண்டுபிடிக்கும் திறனைச் சோதித்தார்கள்.

பாஸ்டியான் உள்ளே போனதும் களைப்பாக இருந்ததால் முதல் குடுவையின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டது. அதில் செலரி இருந்தது. முதல் வகுப்பில் தேறியது.

யெப்பே குடுவைகளை ஒன்றொன்றாகத் தாண்டிப் போனது. எதன் முன்னாலும் நிற்கவில்லை. வரிசை முடிந்ததும் திரும்பி வந்து, மக்தெல்டின் மேசைக்குக் கீழே இருந்த அவருடைய தோல்பையின் முன்னால் உட்கார்ந்தது. ஹிஸ்காவின் செருப்பு தூரத்தில் இருந்ததால் முன்னங்காலை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. வெளியே முறைக்காக நின்றிருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"உங்க நாய் தப்பான இடத்துல உட்கார்ந்திருக்கு, டெர்ப்ஸ்ட்ரா மேடம்."

"உங்க பையில என்ன இருக்கு?"

"என் மதியச் சாப்பாடு. அது தேர்வுக்கு உட்பட்டது இல்ல."

"ரொட்டியில என்ன தடவியிருக்கீங்க மேடம்?"

மக்தெல்ட் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"இந்தக் கட்டடத்துக்குள்ள கடலைக்கு அனுமதி கிடையாது. அதனால என் பையில கடலை இருக்க முடியாது. இல்லாத ஒண்ணுக்கு உங்க நாய் உட்கார்ந்திருக்கு. இதை நாங்க பொய்த்தகவல்னு எடுத்துக்கணும். எனக்கே வருத்தமா இருக்கு. நான் நாய்களை நேசிக்கிறவ."

பாடத்திட்டத்துக்கு வெளியே ஆர்வம் காட்டியதால் யெப்பே தேறவில்லை என்று முடிவு வந்தது.

ஹிஸ்கா வெஸல்ஸைப் பார்க்கப் போனாள். போய்விட்டு நேராக என் கடைக்கு வந்து, வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவர் மிகவும் அன்பாகப் பேசினாராம். காப்பி கொடுத்தாராம். சுவரில் இருந்த படத்தைக் காட்டினாராம். "தனிப்பட்ட முறையில யெப்பே மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. ஆனா இந்த நாற்காலியில நான் தனிப்பட்ட முறையில உட்காரலையே" என்றாராம். கடைசியில் அவளுக்காக ஒரு சலுகை செய்தார். யெப்பே பொது இடங்களுக்கு வரலாம். முகரலாம், அது இயற்கை உபாதை. ஆனால் உணவின் முன்னால் உட்காரக் கூடாது. உட்காருவது கருத்துத் தெரிவிப்பது. அங்கீகாரம் இல்லாத மூக்கு கருத்துத் தெரிவிக்க முடியாது. மீறினால் முதல் தடவை எச்சரிக்கை. அடுத்த தடவை, நாயை வேறொரு மாகாணத்தில் இருக்கும் மறுபயிற்சி நிலையத்துக்கு அனுப்பி, உட்காரும் வழக்கத்தை மறக்கடிப்பார்கள்.

"அவன் உட்காரலைன்னா எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன்" என்றாள் ஹிஸ்கா.

"அதுக்கு என்ன சொன்னார்?"

"அதுக்குத்தான் அங்கீகாரம் பெற்ற நாய்கள் இருக்கேன்னார்."

நாங்கள் இருவரும் பாஸ்டியானைப் பார்த்தோம். அது ஒரு வாளித் தண்ணீருக்குள் காதை விட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த மாதமே யெப்பே ரொட்டிக் கடை வரிசையில் உட்கார்ந்து எச்சரிக்கை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஹிஸ்கா வெளியே சாப்பிடுவதை நிறுத்தினாள். பிறந்தநாள் விருந்துகளுக்கு வருவதில்லை. வந்தாலும் ஒரு கோப்பைத் தண்ணீரோடு ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுவாள். நாய் ஃபெயிலாகிவிட்ட வருத்தம், யாரோடும் கலப்பதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளுடைய அலர்ஜி கொஞ்சம் பழைய மோஸ்தர் என்றும் வக்கீல் வீட்டம்மாள் சொன்னதாகக் கேட்டேன்.

கோடையில் எங்கள் சந்தை விழா வந்தது. சதுக்கம் முழுக்க நீள மேசை போட்டு, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். இந்த வருஷம் விழா, பொதுமோப்பப் பாதுகாப்புத் திட்டத்தின் வெற்றி விழாவாகவும் நடக்கும் என்று அறிவித்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். சமையல் ரெம்கோவுடையது. கேரட் சூப் வைத்திருந்தான். ஆரஞ்சு எங்கள் நாட்டு அரச குடும்பத்தின் நிறம் என்பதால் எல்லோரும் நிறத்தையே முதலில் பாராட்டினார்கள்.

ஹிஸ்கா கோபுரத்தில் வாசித்து முடித்துவிட்டு இறங்கி வந்தாள். அன்றைய விருந்தினர் வரிசையில் அவளுக்கு இடம் போட்டிருந்தது; வராமல் இருந்தால் நகராட்சியை அவமதித்ததாகும். யெப்பே அவள் நாற்காலிக்குக் கீழே படுத்திருந்தது. நானும் பாஸ்டியானும் இரண்டு இடம் தள்ளி இருந்தோம்.

முதலில் சடங்கு. வெஸல்ஸின் சொந்த நாயும் நகராட்சியின் தலைமை மோப்ப ஆலோசகருமான கோர்னேலியா அழைத்துவரப்பட்டது. வெள்ளை வெளேரென்ற பூடில், பச்சைப் பட்டுப் பட்டை, நகங்களுக்கு மெருகு. சூப் அண்டாவை முகர்ந்து, ஒரு தும்மல் போட்டு, உட்காராமல் நடந்தது. உணவு பாதுகாப்பானது என்று மக்தெல்ட் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கைதட்டினோம். பரிமாறினார்கள்.

ஹிஸ்காவின் தட்டில் சூப் விழுந்த உடனே யெப்பே எழுந்தது. மூக்கை மேசை விளிம்புக்குக் கொண்டுபோனது. உட்கார்ந்தது. முன்னங்காலை எடுத்து அவள் செருப்பின் மேல் வைத்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் கரண்டியை நிறுத்தினார்கள். மக்தெல்ட் பார்த்துவிட்டார். அவர் வந்து குனிந்து, மிகவும் கனிவாகப் பேசினார்.

"டெர்ப்ஸ்ட்ரா மேடம், நாய் உட்கார்ந்திருக்கா, இல்ல ஓய்வெடுக்குதா?"

ஹிஸ்கா தன் செருப்பின் மேலிருந்த காலைப் பார்த்தாள்.

"ஓய்வெடுக்குதுன்னு சொல்லுங்க. அப்படியே விட்டுடறேன். நீங்க சூப்பைச் சாப்பிடலாம், நாயும் வீட்டுக்கு வரலாம். எல்லாருக்கும் நல்லது."

இதில் இருந்த சிக்கல் எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. ஓய்வெடுக்கிறது என்றால் சூப்பைச் சாப்பிடாமலிருக்கக் காரணமில்லை. பக்கத்து ஊர் அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறது என்றால் நாய் வேறு மாகாணத்துக்குப் போய்விடும்.

ஹிஸ்கா ரெம்கோவைக் கூப்பிட்டு, சூப்பில் கடலை இருக்கிறதா என்று நேராகக் கேட்டாள். ரெம்கோ கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, அதைச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றான். வாழ்க்கையில் அவன் மதித்து நடந்த ஒரே சட்டம் அதுதான். வெஸல்ஸ் நிலைமையைக் காப்பாற்ற எழுந்து வந்தார். ஹிஸ்காவின் தட்டிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து, ஊர் பார்க்கச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அவருக்கு எதுவும் ஆகாது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். இருந்தாலும் கைதட்டினோம்.

ஹிஸ்கா கரண்டியைக் கையில் எடுத்தாள். அவள் கரண்டியைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"உட்கார்ந்திருக்கான்" என்றாள். "யெப்பே ஓய்வெடுக்கல. உட்கார்ந்திருக்கான்."

பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, கல் பாவிய தரையில் யெப்பேயின் பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போறதுன்னா ரெண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க."

மக்தெல்ட் மனிதர்கள் தரையில் உட்காருவதைப் பற்றி விதியில் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நின்றார். ஹிஸ்காவின் கை பழக்கத்தில் பைக்குள் போனது. யெப்பே தன் வேலையைச் சரியாகச் செய்திருந்ததல்லவா. அவள் ஓர் ஈரல் பிஸ்கட்டை எடுத்து அதற்குக் கொடுத்தாள்.

சதுக்கத்தில் இருந்த நாய்கள் அத்தனையும் அதைப் பார்த்தன.

முதலில் கோர்னேலியா உட்கார்ந்தது. பட்டுப் பட்டை தரையில் புரள, ஹிஸ்காவைப் பார்த்தபடி உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் பல் மருத்துவரின் நாய். பிறகு வக்கீல் வீட்டு நாய், மகரந்த நாய்கள் மூன்றும், மேசையின் அந்தக் கோடி வரைக்கும் பச்சைச் சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்துகொண்டே போயின. பாஸ்டியான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் படுத்துக்கொண்டது. ஒரு நாயும் குரைக்கவில்லை. எல்லாம் ஹிஸ்காவின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கீகாரம் பெற்ற ஒரு நாய் உட்கார்ந்தாலே பரிமாறுவதை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஊரில் இருக்கும் எல்லா நாய்களும் உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருந்தது. யாரும் அதுவரை அதைப் படித்ததில்லை. மக்தெல்ட் வெஸல்ஸைப் பார்த்தார். வெஸல்ஸ் பக்கத்து ஊர் அதிகாரிகளைப் பார்த்தார். ஒன்று சூப் தப்பு, இல்லையென்றால் திட்டம் தப்பு. அவர் நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"கோர்னேலியா தப்புப் பண்ணாது" என்றார்.

அபாயச் சங்கு ஊதினார்கள். சதுக்கத்தைக் காலி செய்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர் சூப் அண்டாவைத் தூக்கி, மூடி, முத்திரை வைத்து, தொட்டில் குழந்தையைப் போல் வண்டியில் ஏற்றினார்கள். அதைப் பார்த்ததும் ரெம்கோவின் முகம் வெளுத்துவிட்டது. கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கடலை வெண்ணெய் கலந்ததாகவும், அதுதான் தன் ரகசியம் என்றும், வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை என்றும் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டான். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வெஸல்ஸ் சத்தம் போட்டார்.

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான் ரெம்கோ.

ஹிஸ்கா அப்போதும் தரையில்தான் இருந்தாள். நான் போய்க் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். எழுந்த பிறகும் அவள் என் கையை விடவில்லை. கரண்டி வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். யெப்பே அவள் செருப்பிலிருந்து காலை எடுக்க மறுத்தது. இருவரும் அப்படியே ஒட்டிக்கொண்டு, தடுக்கித் தடுக்கி வீட்டுக்கு நடந்தார்கள்.

நகராட்சியின் அறிக்கை அடுத்த வாரம் வந்தது. அங்கீகாரம் பெற்ற நாய்கள் அனைத்தும் ஒரே நேரத்தில், ஒருமித்த கருத்தோடு கடலையைக் கண்டுபிடித்தன என்றும், உலகில் வேறெந்த ஊரிலும் இப்படி நடந்ததாகத் தகவல் இல்லை என்றும், தேர்வில் கடலையைச் சேர்க்காமலேயே இந்த வெற்றி கிடைத்திருப்பதால் பாடத்திட்டத்தின் சிறப்பு நிரூபணமாகிறது என்றும் அதில் கண்டிருந்தது. அங்கீகாரம் இல்லாத நாய் ஒன்று முறையான நாய்கள் உட்காருவதற்கு முன்பே அவசரப்பட்டு உட்கார்ந்து நடைமுறைக்கு இடையூறு செய்ததாகவும் ஒரு வரி இருந்தது. விழா நாள் என்பதால் கருணை காட்டி, அதை மறுபயிற்சிக்கு அனுப்பாமல் விட்டார்கள்.

ஹிஸ்கா இதைக் கேட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, என் கடையில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தபடி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "என்ன வேணா எழுதிக்கட்டும் சீட்சே. அவன் வீட்ல இருக்கான். எனக்கு அது போதும்" என்றாள்.

நியாயமாகப் பார்த்தால் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து ஊர்கள் எல்லாம் எங்கள் திட்டத்தை எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு நாயின் உரிமையாளருக்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். என்னுடையதைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன், வியாபாரம் பரவாயில்லை. நாய்களையும் எங்களையும் கௌரவிப்பதற்கு ஒரு பாராட்டு விருந்து வைத்தார்கள். நகராட்சிக் கட்டடத்தில் வைக்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே கடலைக்குத் தடை. விருந்தோ கோழி சாத்தே. குச்சியில் குத்திச் சுட்ட கோழியின் மேல் கெட்டியாகக் கடலைச் சாஸ் ஊற்றியது. எங்கள் ஊரில் அதைப் பிடிக்காதவர் கிடையாது. ஆகவே விளையாட்டு மண்டபத்தில் வைத்தார்கள். சமையல் ரெம்கோ, இப்போது அவனுக்கு நல்ல பெயர். கடலையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டபடியால் இனி பயப்பட ஒன்றுமில்லை என்று வெஸல்ஸ் விளக்கம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

ஹிஸ்காவுக்கும் மரியாதையாக அழைப்பு போயிருந்தது. வர இயலாது என்று அவள் சொல்லி அனுப்பினாள். எங்களுக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. ஊரே கூடும் நாளில் ஒருத்தி மட்டும் வராமலிருப்பது என்ன பழக்கம் என்று வக்கீல் வீட்டம்மாள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அவளுக்குப் போட்டிருந்த நாற்காலி வீணாகக் கிடக்க வேண்டாமென்று கோர்னேலியாவைத் தூக்கி அதில் உட்கார வைத்தோம்.

சாப்பாடு நடுவில் வெஸல்ஸ் எழுந்து பேசினார். யாராக இருந்தாலும் பயமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஊராக ஹால்டர்வேன் இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிறது என்றார். மேசைக்குக் கீழே எல்லா நாய்களும் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. என்ன ஒழுக்கம் என்று பேசிக்கொண்டோம். நானும் எழுந்து கைதட்டியிருப்பேன். இரண்டு கையிலும் சாஸ்.